சவாரி வெளியில் வெடிக்காத துவக்கு

இடியன் துவக்கு என்ற பழைய நாட்டுத் துப்பாக்கியில் இரண்டு சத்தங்கள் உண்டு. ஒன்று, சுத்தியல் போன்ற குதிரை விழுந்து கேப்பு பொரியும் சத்தம். மற்றது, குழாய்க்குள் இடித்து வைத்த மருந்து வெடிக்கும் சத்தம். துவக்கு நல்ல நிலையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். தனித்தனியாகக் கேட்டால் எங்கோ பிழை இருக்கிறது. முதலாவது கேட்டு இரண்டாவது கேட்காமல் விட்டால், துவக்கின் வாய்க்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. இதை எனக்குச் சொன்னவர் என் அக்காவின் கணவர். அவரை நான் அத்தான் என்று அழைப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் யாழ்ப்பாண நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்கு வலிகாமத்துச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டில்தான் இருந்தேன். அத்தானிடம் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு இடியன் துவக்கு இருந்தது. மாமரத்துக்கு வரும் வௌவால்களுக்கும், ஆட்டுக்குட்டிகளைக் கடிக்கும் கட்டாக்காலி நாய்களுக்கும் அதை எடுப்பார். குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, மேலே தேங்காய்த் தும்பு வைத்து, கம்பியால் இடித்து, ஈயச் சன்னம் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிக்கவேண்டும். குழாயின் அடிப்பக்கத்தில் சிறிய இரும்பு முளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நடுவே ஊசி போகுமளவு துளை. செம்பினாலான சின்னஞ்சிறு கேப்பை அந்த முளைக்குத் தொப்பி போலப் போடவேண்டும். விசையை இழுத்தால் குதிரை விழும், கேப்பு பொரியும், அந்தப் பொறி துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றும். இந்தத் துவக்கின் நோய்கள் எல்லாம் அந்தத் துளையைச் சுற்றியே இருந்தன.

மாரிகாலத்தில் கேப்பு நமுத்துப்போகும். அப்போது குதிரை விழுந்தால் கல்லில் கல் பட்டதுபோல ஒரு சத்தம் மட்டும் வரும். கேப்பு பெரிதாக இருந்தால் நடக்கும்போது கழன்று விழும். அத்தான் அதை விரலால் சற்று நெரித்துப் போடுவார். இறுக்கமாக இருந்தால் முளையில் முழுதாக உட்காராது. முதல் அடி கேப்பை உட்கார வைப்பதோடு முடிந்துவிடும், இரண்டாம் அடியில்தான் பொரியும். குழாய்க்கு எண்ணெய் பூசி வைத்திருந்தால் எண்ணெய் இறங்கித் துளையை அடைக்கும். அதனால் மருந்து போடுவதற்கு முன் வெறும் கேப்பு ஒன்றைப் போட்டு, குழாயின் வாயைக் காய்ந்த மாவிலை ஒன்றுக்கு அருகில் பிடித்து விசையை இழுப்பார். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் அன்றைக்குத் துவக்கைக் கழற்றவேண்டும்.

பட்டிப்பொங்கல் அன்று பின்னேரம், தெல்லிப்பழைக்குக் கிழக்கே கிடந்த வெளியில் எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் மாட்டுவண்டில் சவாரி. முந்தின ஆண்டு சால்வையை வீசித் தொடக்கினார்கள். சால்வை விழுந்ததை ஒரு வண்டிலோட்டி பார்க்கவில்லை. அதில் வந்த அடிபாட்டில் ஒருவருடைய முழங்கால் சிரட்டை இரண்டாகப் போயிற்று. இம்முறை துவக்கு வெடித்துத் தொடக்குவோம், சத்தம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வெடி வைக்க அத்தானைக் கேட்டார்கள். அவர் தென்மராட்சிக்காரர், இரண்டு ஊருக்கும் பிறத்தியார். ஆனால் பெண்ணெடுத்தது எங்கள் ஊரில். அதை அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

சவாரிக்கு முந்தின கிழமைகளில் இரண்டு ஊராரும் மாடுகளைச் சத்தத்துக்கு ஓடப் பழக்கினார்கள். அடுத்த ஊரார் உண்மையான துவக்கு ஒன்றை எங்கோ இரவல் வாங்கி வெடித்தார்கள். எங்கள் ஊரார் சீனவெடி கொளுத்தினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

சவாரிக்கு முதல்நாள் பின்னேரம் அத்தான் மாவிலையை அசைத்துப் பார்த்தார். இலை துள்ளிப் போய் விழுந்தது. சனக்கூட்டத்துக்குள் நின்று மருந்து இடிப்பது ஆபத்து என்று அப்போதே மருந்து போட்டு, சன்னம் போடாமல், தும்பு வைத்து இடித்துத் துவக்கை மூலையில் சாத்தினார். கேப்பு மட்டும் போடவில்லை.

மறுநாள் காலையில் அக்கா பசுவுக்கும் கன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு கலப்பைக்கு, மண்வெட்டிக்கு, ஏர்க்காலுக்கு. மூலையில் நின்ற துவக்குக்கும் வைத்தாள். அது அன்றைக்கு ஊருக்கு முன்னால் போகப்போகிறது, ஆகவே தாராளமாகவே வைத்தாள். அத்தான் கிணற்றடியிலிருந்து வந்து, துவக்கைக் கும்பிட்டு எடுத்தார். சவாரி வெளிக்கு வந்த பிறகு குதிரையடியில் இருந்த சந்தனத்தைச் சால்வை நுனியால் துடைத்துவிட்டுக் கேப்பைப் போட்டார். இரண்டையும் நான் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தொடக்கக் கோட்டில் இரண்டு வண்டில்கள் நின்றன. நாம்பன் மாடுகள் நிலைகொள்ளவில்லை. ஏற்கெனவே இரண்டு சோடியின் பின்தொடைகளிலும் இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. மாட்டை ஓட்டும் துவரங்கேட்டிக் கம்பின் நுனியில் ஆணி வைப்பது சவாரியில் வழக்கம். எங்கள் ஊர்க் கறுப்பு நாம்பனின் வால் நுனியைக் காலையில் யாரோ கடித்திருந்தார்கள். மாட்டை உசுப்பிவிட அதுவும் வழக்கம்.

அத்தான் துவக்கை வானத்துக்கு நீட்டி விசையை இழுத்தார். டொக் என்றது. கேப்பு பொரியவில்லை.

"வெடி தூங்குது, எழுப்புங்கோ!" என்று யாரோ கத்த, சனம் சிரித்தது.

அத்தான் கேப்பைத் தடவிப் பார்த்தார். முதல் அடியில் அது சற்று உள்ளே இறங்கியிருந்தது. குதிரையை மீண்டும் ஏற்றி இழுத்தார். இம்முறை கேப்பு பொரிந்தது. சீனவெடி ஒன்று வெடித்த அளவுக்குச் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் நாம்பன்கள் அந்தச் சத்தத்துக்கே பழகியவை. கயிற்றை அறுத்துக்கொண்டு போவதுபோலப் பாய்ந்தன. அடுத்த ஊர் மாடுகள் பெரிய சத்தத்துக்குக் காத்துக்கொண்டு கோட்டிலேயே நின்றன. எங்கள் வண்டில் அரைவெளி தாண்டியபிறகுதான் ஓட்டி பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அத்தான் துவக்கின் வாயை வானத்திலிருந்து எடுக்கவில்லை. பிந்தியும் வெடிக்கலாம். உதடுகளை அசைத்து எண்ணிக்கொண்டு நின்றார்.

அடுத்த ஊர் வண்டிற்காரரின் தம்பி முன்னால் வந்தார். கழுத்துத் தடித்த, உரத்த குரலுள்ள மனிதர். கையில் கேட்டி.

"எங்கடை மாடு செவிடோ? உவன்ரை மச்சான்மாற்றை மாட்டுக்கு மட்டும் கேக்கிற வெடி எந்தக் கடையிலை வித்தது?"

"பெண்ணெடுத்த ஊருக்குச் சின்னச் சத்தம் காணும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எங்கள் பக்கத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கடை மாடு நித்திரை. முகம் கழுவிவிட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

அதைச் சொன்னவன் என் பக்கத்து வளவுக்காரன். சொல்லி முடிய முன்னர் கேட்டி அவன் முகத்தில் விழுந்தது. ஆணி காதடியில் இறங்கி வாயோரம் வரை கிழித்தது. கன்னத்தின் உள்ளே பல் தெரிந்தது. அவன் கிழிந்த இடத்தை இரண்டு கையாலும் பொருத்திப் பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்தான். அதற்குப் பிறகு இரண்டு ஊரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. நுகத்தில் செருகும் கட்டையை ஒருவன் உருவி, குனிந்து நின்ற ஒருவரின் முதுகில் போட்டான். அந்தச் சத்தம் நெல்மூட்டையை நிலத்தில் போட்டதுபோல இருந்தது. ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வண்டிலொன்றில் ஏறி நின்று "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்றார். யாரோ அவரைக் காலில் பிடித்து இழுத்தார்கள். பிறகு அவருடைய தலைப்பாகை மட்டும் சனத்துக்கு மேலால் போனது. சண்டைக்குள் நின்ற எவரும் அத்தானை இன்னும் தொடவில்லை. தொடுவார்கள் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். இந்த ஊரில் அவருக்கு இருந்தது அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்றுதான். துவக்கு மறுபடி ஒழுங்காக வெடித்தாலன்றி அது மிஞ்சாது. அன்றைக்கு அவர் முழு உடம்போடு வீடு போவதும் அதில்தான் இருந்தது.

வெளியோரத்து வாகை மரத்தடிக்கு அவரைக் கூட்டிப் போனேன். துவக்கின் வாயை மேலே பிடித்தபடியே குந்தினார். பொரிந்த கேப்பை முளையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பூப்போல விரிந்திருந்தது.

"கேப்பிலை பிழை இல்லை," என்றார். "பொறி உள்ளை போகேல்லை. தம்பி, ஊசி இருக்கோ?"

தாள்களைக் குத்தி வைக்கும் குண்டூசி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கொடுத்தேன். முளையின் துளைக்குள் விட்டார். ஊசி பாதியில் நின்றது. மெதுவாகத் திருகி எடுத்தார். நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். சந்தனம்.

எங்களுக்கு முன்னால் ஒருவன் மற்றவனை மண்ணில் போட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கடை அக்கா," என்றார்.

"சொல்லுங்கோவன் அத்தான். தெரியாமல் நடந்ததுதானே."

"ஆருக்குச் சொல்ல? உவங்களுக்கோ? தன்ரை ஊர் வெல்லவேணுமெண்டு பெண்சாதி அடைச்சவள், புருஷன் பாத்துக்கொண்டு நிண்டவன் எண்டு சொல்லுவாங்கள். நாளைக்கு அவள் கோயிலடியிலை தலை காட்டேலாது. நீயும் வாயைத் திறவாதை."

மறுபடியும் ஊசியை விட்டார். இம்முறை முழுதும் இறங்கியது. மடியிலிருந்த மருந்துக் குப்பியைத் திறந்து, முளையின் மேல் ஒரு சிட்டிகை வைத்துத் தட்டினார். மணிகள் துளைக்குள் இறங்கின. புதுக் கேப்பொன்றை அழுத்திப் போட்டு, பெருவிரலால் இறுக்கினார். குதிரையைப் பாதி ஏற்றத்தில் விட்டார். எல்லாம் ஒழுங்காக, அவசரமில்லாமல் நடந்தது. கடைசியில் ஊசியை வேட்டி மடிப்புக்குள் செருகினார். அதுதான் பிழையாகப் போயிற்று.

"என்னடா மடிக்குள்ளை ஒளிக்கிறாய்?"

தடித்த கழுத்துக்காரர். அவருக்குப் பின்னால் நான்கைந்து பேர். அவருடைய மேற்சட்டையில் வேறு யாருடையதோ இரத்தம்.

"ஊசி," என்றார் அத்தான்.

"ஊசியோ? சவாரி வெளியிலை சட்டை தைக்கிறாயோ?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து துவக்கைப் பறித்தார். அத்தான் இழுபறிப்படவில்லை. கேப்புப் போட்ட துவக்கை இழுப்பது முட்டாள்தனம்.

"இதுக்குள்ளை மருந்து போட்டனியோ?"

"போட்டனான். வாயை மேலை பிடி. இப்ப வெடிக்கும்."

"அப்ப வெடிக்காதது இப்ப என்னெண்டு வெடிக்கும்?"

அந்தக் கேள்விக்கு அத்தானிடம் ஒரு பதில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. எழுந்து நின்றார். என்னைப் பார்த்த பார்வையில் என்னையும் சொல்லவிடவில்லை.

"பாத்தியளோ, கதை இல்லை," என்று கழுத்துக்காரர் தன் ஆட்களிடம் சொன்னார். துவக்கின் வாயை அத்தானின் நெஞ்சில் வைத்தார். "வெறும் குழாய். வெறும் குழாயெண்டால் உனக்கேன் ஐயா வேர்க்குது?"

சன்னம் போடாத வெடி ஆளை ஒன்றும் செய்யாது என்று அந்த வெளியில் நின்ற பலர் நம்பியிருப்பார்கள். நான் நம்பவில்லை. ஒருநாள் அத்தான் வெறும் மருந்தும் தும்பும் போட்டு, ஒரு முழத் தூரத்தில் பப்பாப்பழம் ஒன்றைச் சுட்டுக் காட்டியிருந்தார். பழத்தில் பாதியைப் பிறகு நாங்கள் காணவில்லை.

"அண்ணை, மருந்து இருக்குது, எடுங்கோ!" என்று நான் கத்தினேன். கழுத்துக்காரர் என் பக்கம் திரும்பவுமில்லை. குதிரையை முழு ஏற்றத்துக்கு இழுத்தார். அந்தக் கிளிக் சத்தம் கேட்டதும் அத்தான் இடக்கையால் குழாயின் வாயைப் பற்றி வெளிப்பக்கமாகத் தள்ளினார். விசை இழுபட்டது.

இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டது.

புகை விலகியபோது அத்தான் நின்றுகொண்டுதான் இருந்தார். இடக்கையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன விரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் அவை இல்லை. உள்ளங்கையின் ஓரம் கருகிப் பிளந்து, நடுவே வெள்ளையாக எலும்பு. இரத்தம் சற்றுப் பிந்தித்தான் வந்தது. வரத் தொடங்கியபின் முழங்கை வழியாக ஓடியது. அவருடைய வேட்டியில் பட்ட தும்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கையால் தட்டி அணைத்தேன்.

கேப்பு பொரியும்போது செப்புத் துண்டுகள் தெறிக்கும். பழகியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கழுத்துக்காரருக்கு அந்தப் பழக்கமில்லை. ஒரு துண்டு அவருடைய கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது. துவக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "ஐயோ, என்னைச் சுட்டுப்போட்டான், என்னைச் சுட்டுப்போட்டான்!" என்று சுற்றிச் சுற்றி ஓடினார்.

அவரைப் பார்க்கவும் அத்தானைப் பார்க்கவும் ஒருவரும் இல்லை. வெடி வெடித்துவிட்டது. எங்கள் வண்டிலை அதற்குள் திருப்பிக் கொண்டுவந்து கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். மாடுகளுக்குச் சண்டை தெரியாது. இரண்டு சோடியும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. அடுத்த ஊர் ஓட்டி வண்டிலை விட்டு இறங்கியிருக்கவில்லை. குந்தியிருந்தபடியே கேட்டியை ஓங்கினான். எங்கள் ஓட்டி கீழே நின்று மாடுகளின் மூக்கில் கட்டிய நாணயக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். கயிறு அவனைக் கொஞ்சத்தூரம் இழுத்துப் போய், உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டுக் கைநழுவிப் போனது.

அடிபட்டுக்கொண்டிருந்த சனம் திரும்பியது. ஒருவன் மற்றவனுடைய குடுமியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். விடாமல் பிடித்தபடி இருவருமே சவாரியைப் பார்த்தார்கள். கன்னம் கிழிந்த பக்கத்து வளவுக்காரன் இருந்த இடத்தில் இருந்து எழும்பினான். எங்கள் வண்டில் ஆளில்லாமல், இலேசாக, முன்னால் போனது. அதுதான் எல்லைக் கயிற்றை முதலில் தாண்டியது. ஆனால் ஓட்டி இல்லாத வண்டில் கணக்கில்லை. அடுத்த ஊர் வென்றது. அவர்கள் ஊளையிட்டுக்கொண்டு ஓடினார்கள். கண்ணுக்குக் கீழே இரத்தம் வழிய நின்ற கழுத்துக்காரரையும் யாரோ தோளில் தூக்கினார்கள். துவக்கை அவர் கீழே போட்டிருந்தார். அந்தத் தொடக்கத்தைப் பற்றி இரண்டு ஊரிலும் ஒருவரும் பிழை சொல்லவில்லை.

என் சால்வையால் அத்தானின் மணிக்கட்டை இறுகக் கட்டி, ஒற்றை மாட்டு வண்டிலொன்றில் மிஷன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனேன். வழியில் அவர் அதிகம் முனகவில்லை. நிறம் மட்டும் போயிருந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்தார்.

"தம்பி, ஒரே சத்தமாய்க் கேட்டதோ?"

"ஓம் அத்தான். ஒரே சத்தம்."

"அப்ப சரி," என்றார்.

டொக்டர் நெடுநேரம் சதைக்குள்ளிருந்து தும்பு பொறுக்கினார். ஒவ்வொரு நாராகக் கிண்ணத்தில் போட்டார். நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். சவாரி வெளியில் அடித்தது யார், கடித்தது யார் என்பதை அவர் ஏற்கெனவே வேண்டிய அளவு கேட்டிருந்தார். அத்தானிடம் அவர் கேட்டது வேறு.

"முதலிலை ஏன் வெடிக்கேல்லை?"

"கேப்பு நமுத்துப்போச்சு ஐயா. மாரிக் குளிர்."

"ஆருக்கும் வேணுமெண்டு செய்ய வழி இருந்ததோ?"

"இல்லை ஐயா. என்ரை கவலையீனம்."

கழுத்துக்காரர் கன்னத்தில் கட்டோடு அடுத்த விறாந்தையில் இருந்தார். அன்று பின்னேரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலருகே நின்றார். "கேப்பு நமுத்துது எண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா," என்றார். அத்தான் பழத்தை வாங்கி என்னிடம் தந்தார்.

நான் அனுப்பிய செய்தி சிறியது. சவாரித் தகராற்றில் பலர் காயம், துவக்கு வெடித்து ஒருவர் விரல்களை இழந்தார், கேப்பு ஈரமாக இருந்ததால் வெடி முதலில் பிந்தியது எனத் தெரிகிறது என்று எழுதினேன். அது அப்படியே வந்தது.

அக்கா ஆசுபத்திரிக்கு வந்து அழுது ஓய்ந்தபிறகு கேட்டதும் அதுதான். "இஞ்சருங்கோ, நான் சந்தனம் குங்குமம் எல்லாம் வைச்சுத்தானே விட்டனான். பிறகு ஏன் வெடிக்கேல்லை?"

"நமுத்த கேப்பு," என்றார் அத்தான்.

அன்றிலிருந்து அக்கா கேப்புகள் வைத்த தகரப் பேணியை அடுப்புக்கு மேலே, புகை படும் இடத்தில் தொங்கவிட்டாள். சவாரிச் சண்டை வழக்கு முடிந்து, பொலிஸார் கொண்டுபோன துவக்கு திரும்பி வந்தது. அத்தான் மிஞ்சிய விரல்களால் மருந்து இடிக்கப் பழகினார். சவாரிக்கு மட்டும் ஒருபோதும் போகவில்லை. கேட்டு வந்தவர்களிடம் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

அடுத்த பட்டிப்பொங்கலன்று காலையில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து துவக்கைக் கேட்டாள். அத்தான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மருந்து இல்லை என்று பார்த்தார். பிறகு மடியிலிருந்து பொரிந்த பழைய கேப்பு ஒன்றை எடுத்து, அதன் வாயை நெரித்து, முளையின் துளை மூடும்படி இறுக்கிப் போட்டார். குதிரையை அதன்மேல் மெதுவாக இறக்கிவிட்டு, துவக்கை அவளிடம் கொடுத்தார். அவள் தாராளமாக வைத்தாள். சாயங்காலம் அவள் பசுவுக்கு வைக்கோல் போடப் போனபிறகு அந்தக் கேப்பைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மடிக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான் செய்தார்.